ஹெலிகாப்டரின் இடது பெடல்

பிளாஸ்திரி வாசனை வந்தால் எனக்குப் போர் ஹெலிகாப்டர் ஞாபகம் வரும். இதை வெளியே சொன்னால் பட்டாளத்தில் நர்ஸாக இருந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இதுவரை ஏறிய உயரம் பொன்முடி மலை. அதுவும் பஸ்ஸில், வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவும்போது விரலையும் கொஞ்சம் துருவிக்கொண்டேன். அலமாரியைக் கிண்டியதில் பழைய மாதிரி சுருள் பிளாஸ்திரி ஒன்று அகப்பட்டது. இப்போது வரும் தோல் நிறப் பட்டைகளுக்கு ஒரு வாசனையும் கிடையாது. இது அப்படியில்லை, சுருளைப் பிரித்ததும் ரப்பரும் மருந்தும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். ஒட்டிவிட்டு விரலை முகர்ந்துகொண்டு நின்றபோது அண்ணன் மகள் போன் செய்தாள். ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். ஹெலிகாப்டர் ஓட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறாளாம்.

“அத்தே, மேல எழும்புன உடனே சுத்திச் சுத்தி விழுது. அப்பாட்ட கேட்டேன். பெடல் காரியமெல்லாம் உன் அத்தைக்குத்தான் தெரியும்னுட்டாரு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரசம் எப்படி வைப்பது என்று கேட்டுக்கூட என்னை யாரும் அழைப்பதில்லை. இந்த உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த காரியம் ஒன்று உண்டென்றால் அது ஹெலிகாப்டரின் இடது பெடல்தான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேச ஆரம்பித்தேன்.

“பவரைக் கூட்டினா மூக்கு வலது பக்கம் போவும் மக்ளே. போனபெறவு திருப்பாத. போறதுக்கு முன்னாலயே இடது பெடலை மெள்ள அழுத்து. சத்தம் மாறும் பாத்தியா, அதைக் கேட்டு அழுத்து.”

தலைக்கு மேல் பெரிய விசிறி ஒரு பக்கமாகச் சுற்றினால், உடம்பு மறுபக்கமாகச் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் வாலில் சின்ன விசிறி. அந்தச் சின்ன விசிறியின் கடிவாளம் பெடல். கையில் இருக்கும் குச்சியை எல்லாரும் ஆசையோடு பிடித்துக்கொள்வார்கள், பெடலை யாரும் மதிப்பதில்லை. வீட்டில் அம்மாக்களை மதிக்காத மாதிரிதான். இதைப் பிற்பாடு யோசித்துச் சொல்கிறேன், அப்போது எனக்கும் தெரியாது.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், ஆரியசாலை கடைத்தெருவில் இருந்தோம். கீழே அப்பாவின் மிளகாய் வற்றல் கடை, மாடியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளி முதலில் தும்முவார், பிறகுதான் சௌக்கியம் விசாரிப்பார். மூட்டை இறக்கும் நாளில் மாடிப்படியில் கண்ணைத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது பெரிய அதிசயம். அண்ணன் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துப் பூட்டியது. அதற்கு அம்மா தன் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் முக்காடு போட்ட பெண் ஒருத்தி மேசைமேல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

அண்ணனுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தெருவே அவனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பைக்கில் திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, தலைக்கும் ஒன்றுமில்லை. வலது காலில் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். தையல் பிரித்தார்கள், கட்டைப் பிரித்தார்கள். எல்லாம் நன்றாகக் கூடியிருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகும் அண்ணன் காலைத் தரையில் வைக்கவில்லை.

வலியென்றால் வலியில்லை, பயம். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நடப்பான். நாற்காலியில் உட்கார்ந்தால் வலது காலை முக்காலி மேல் தூக்கி வைத்துவிடுவான். மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் சொல்வார்.

“காலு குத்தணும் மோனே. குத்தாதெ பற்றில்லா.”

ஊன்ற வேண்டும் என்பதைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். ஊன்றாவிட்டால் சதை சூம்பிப் போகும், அப்புறம் நினைத்தாலும் நடக்க முடியாது என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். கம்பெனியிலிருந்து எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து காலைத் தூக்கி முக்காலியில் வைப்பான். ஒரு முறை நான் கோபப்பட்டுக் கத்தியதற்கு, “முறிஞ்ச சத்தத்தைக் கேட்டவன் நான், நீ இல்லைட்டி” என்றான்.

அப்படி இருக்கும்போதுதான் அவனோடு வேலை பார்த்த நண்பன் ஒருவன் பொழுதுபோக்குக்கு என்று ஒரு சிடியும், துபாயிலிருந்து வந்த ஜாய்ஸ்டிக் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தான். சிடி வந்தது, அதோடு வர வேண்டிய விளக்கப் புத்தகம் வரவில்லை. ஆகையால் நாங்கள் விழுந்து விழுந்துதான் எல்லாம் கற்றுக்கொண்டோம். ஜாய்ஸ்டிக்கின் அடியில் ரப்பர் உறிஞ்சிகள் இருந்தன. அவை மரமேசையில் ஒட்டவில்லை. அம்மா வெற்றிலை பாக்கு வைக்கும் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஒட்டவைத்தோம். திருப்பித் திருப்பி ஆட்டும்போது தாம்பாளம் டங் டங்கென்று சத்தம் போடும். கீழே கடையில் இருப்பவர்கள் மாடியில் ஏதோ பூஜை நடப்பதாக நினைத்தார்கள்.

கை வேலையெல்லாம் ஜாய்ஸ்டிக்கில் முடிந்துவிடும். பவரைக் கூட்டவும் குறைக்கவும் அதிலேயே ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. பெடலுக்கு மட்டும் கீபோர்டில் இரண்டு கட்டைகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒரு கையில் குச்சி, மறு கையில் சக்கரம் என்றால் கட்டையை எதனால் அழுத்துவது? அண்ணன் ஒரு யோசனை செய்தான். கீபோர்டைத் தரையில் வைத்து இடது காலால் அழுத்தலாம் என்று இறக்கி வைத்தான். சரியாக அந்த நேரத்தில் அம்மா காப்பியோடு மாடியேறி வந்தாள்.

“சரஸ்வதி மேல காலையா வைக்க?”

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்ச நாளுக்கு முன்புதான் பூஜவைப்பு முடிந்திருந்தது. திருவனந்தபுரத்தில் நவராத்திரிக் கடைசியில் புத்தகங்களைச் சாமிமுன் அடுக்கிவிடுவார்கள், விஜயதசமியன்று எடுக்கும்வரை யாரும் ஒரு வரி படிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. அந்த வருஷம் அம்மா புத்தகங்களின் மேல் கீபோர்டையும் வைத்து, சந்தனமும் குங்குமமும் போட்டுக் கும்பிட்டிருந்தாள். அந்தச் சந்தனம் காய்ந்து கட்டைகளின் இடுக்கில் இன்னும் இருந்தது. அதனாலேயே இடது பெடல் சில நேரம் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டு, ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றும். சரஸ்வதி கடாட்சம் அதிகமானாலும் தொல்லைதான்.

“அம்மா, இதுல அ ஆவன்னா ஒண்ணும் இல்லியே” என்றான் அண்ணன்.

“எந்த எழுத்தா இருந்தா என்ன, எழுத்துதானே?”

“அப்படின்னா இந்த அம்புக்குறி? அது எழுத்தில்லைலா?”

“பக்கத்துல இருக்கது எழுத்துதானே? போதும், மேல எடு.”

கீபோர்டு மேசைக்கு ஏறியது. நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்த காலம். “நீ உக்காந்து அழுத்துட்டி” என்றான் அண்ணன். அப்படித்தான் நான் ஒரு ஹெலிகாப்டரின் கால்களானேன்.

முதலில் நான் திரையைப் பார்த்து அழுத்தினேன். மூக்கு வலதுபக்கம் திரும்பிய பிறகு இடதை அழுத்துவேன், அது இடதுபக்கம் ஓடும், பதறிப்போய் வலதை அழுத்துவேன். தரை எங்கே வானம் எங்கே என்று தெரியாமல் போய்த் திரை கறுத்துவிடும். “ஏட்டி, கொல்லப் பாக்கியா!” என்பான் அண்ணன். சில நாள் கழித்துத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். திரையைப் பார்க்கவே வேண்டாம், அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்தால் போதும். சக்கரத்தை உருட்டுவதற்கு முன் அந்த விரலின் கணு கொஞ்சம் வெளுக்கும். அப்போதே நான் இடதைத் தொட்டுவிட்டால் மூக்கு அசையாமல் நிற்கும். இந்தக் குறிப்பு உலகத்தில் எந்த விளக்கப் புத்தகத்திலும் இருக்காது.

அண்ணன் மகளிடம் மற்றவற்றையும் சொன்னேன். கீழே பார்க்காதே, தூரத்தில் வானம் தரையைத் தொடும் இடத்தைப் பார். குச்சியை இறுக்கிப் பிடிக்காதே, அடுப்புத் தீயைச் சிம்மில் வைக்கிற அளவுக்குத்தான் கை அசைய வேண்டும். ஓரிடத்தில் நிற்கப் பழகாமல் சண்டைக்குப் போகாதே. மலைக்குப் பின்னால் ஒளிந்து வா, எட்டிப் பார், சுடு, உடனே இறங்கிவிடு. நின்று வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் ஏவுகணை தேடி வரும். இறங்கும்போது முதலில் வேகத்தைக் குறை, பிறகு உயரத்தைக் குறை. நின்ற இடத்திலேயே மளமளவென்று இறங்கினால் அது கிளப்பிய காற்றே அதை விழுங்கிவிடும். அப்போது பவரைக் கூட்டினால் இன்னும் வேகமாக விழும், மூக்கை முன்னால் சாய்த்து அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்வதற்குள் நாங்கள் எத்தனை முறை செத்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

அம்மா இடையிடையே வந்து நிற்பாள். “யாரைக் கொல்லப் போறீங்க?” என்று கேட்பாள்.

“யாரையும் இல்லைம்மா. இன்னும் தரையை விட்டே ஒழுங்கா எழும்பல” என்பான் அண்ணன்.

அம்மா திரையைப் பார்ப்பதில்லை. முக்காலி மேல் நீட்டியிருக்கும் காலைப் பார்த்துவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். அந்தக் கால் மற்றதைவிட மெலிந்துகொண்டே வந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்குக் கழக்கூட்டத்திலேயே ஒரு வேலை கிடைத்தது. அண்ணன் விழுந்த அதே சாலையில் தினமும் பஸ்ஸில் போக வேண்டும். அப்பா அன்று முழுவதும் மிளகாய் மூட்டைகளோடு மட்டும் பேசினார். அண்ணனிடம் சொன்னபோது அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“அப்பம் பெடல்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை கிடைத்ததற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, பெடலாம் பெடல். “நீயே அழுத்திக்கோ” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று ஆபீசில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நாற்காலி சுழலும் நாற்காலி, அது மட்டும் ஞாபகமிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து படியில் கால் வைத்தபோதே விசிறிச் சத்தம் கேட்டது. சத்தம் ஒரே சீராக இருந்தது. இத்தனை மாதம் கேட்ட காது, எனக்குத் தெரியாதா? ஹெலிகாப்டர் சுற்றவில்லை, அசையாமல் நிற்கிறது. யார் பெடலை அழுத்துகிறார்கள் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடினேன்.

முக்காலி ஓரமாகக் கிடந்தது. தரையில் நாலாக மடித்த சாக்கு, அதன்மேல் கீபோர்டு. கீபோர்டில் ஒரு எழுத்துகூட வெளியே தெரியவில்லை. அண்ணன் கால் புண்ணுக்கு ஒட்டி மிச்சமிருந்த பிளாஸ்திரியைக் கட்டைக்கு ஒரு துண்டாகக் கத்தரித்து, ஒவ்வொரு கட்டையிலும் தனித்தனியாக அம்மா ஒட்டியிருந்தாள். தேவை இரண்டே கட்டைகள்தான். அவளுக்கு அது தெரியுமா, அல்லது ஓரெழுத்துகூட வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. பகல் முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். அறையெங்கும் பிளாஸ்திரி நெடி, எங்கள் வீட்டில் முதல்முறையாக மிளகாயை ஜெயித்த வாசனை.

இந்த முறை இடது கால் இல்லை, அண்ணனின் முறிந்த வலது கால் கீபோர்டின் மேல் இருந்தது. அது வழுக்கிப் போகாமல் அம்மா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கூச்சம் ஒன்றும் அவளிடம் இல்லை.

“எழுத்தெல்லாம் மூடியாச்சு. பின்ன என்ன, சாரமில்ல, பரவால்ல” என்றாள் என்னைப் பார்த்து.

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டையை அழுத்த ஒரு எறும்பு போதும். ஆனால் அந்த எறும்புப் பலத்தைத்தான் இத்தனை மாதமாக யாராலும் அவன் காலிலிருந்து வாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் விரல்நுனியால் தொட்டான், பிறகு பாதத்தை வைத்தான். ஒரு நாள் மலையிடுக்கில் ஏவுகணை துரத்தும்போது, தன்னை மறந்து குதிகாலால் ஓங்கி மிதித்தான். படாரென்று சத்தம் வந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. முறிந்தது காலில்லை, இடது பெடல் கட்டைதான். அம்மா உடைந்த கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கீழே கடைக்குப் போய், “காலு ஊணிட்டான்” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மிளகாய்க் காரம் என்றார்.

அந்தக் கீபோர்டைத்தான் நாங்கள் பிற்பாடும் வைத்திருந்தோம், உடைந்த கட்டையைப் பசைபோட்டு ஒட்டி. பிளாஸ்திரியை உரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எழுத்தே தெரியாத கீபோர்டில் பழகியதால் இன்றைக்கும் நான் பார்க்காமலே வேகமாக டைப் அடிப்பேன். எங்கே கற்றாய் என்று ஆபீசில் கேட்பார்கள். அம்மாவிடம் என்பேன், நம்பமாட்டார்கள்.

அண்ணன் நடந்தான், வேலைக்குப் போனான், என்னோடு அதே பஸ்ஸில். அப்புறம் அவனுக்குக் கல்யாணம், கொச்சி. எனக்குக் கல்யாணம், திருவனந்தபுரத்திலேயே பட்டம் என்ற பகுதியில் ஒரு ஃபிளாட். அப்பா போனதும் கடையைக் கொடுத்தோம். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

இத்தனையும் அண்ணன் மகளிடம் சொல்லி முடித்துவிட்டுக் காயம்பட்ட விரலோடு சமையலைத் தொடர்ந்தேன். சாயங்காலம் அவள் மறுபடி அழைத்தாள். குரலில் ஒரே உற்சாகம்.

“அத்தே, அதெல்லாம் வேண்டவே வேண்டாம். செட்டிங்ஸ்ல ஆட்டோ பெடல்னு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டா கேமே பெடலை அழுத்திக்கும். பழைய கேமிலயும் இருந்திருக்குமே?”

இருந்திருக்குமோ? எங்களிடம் புத்தகம் இல்லை, மெனுவைத் திறந்து பார்ப்பதெல்லாம் அண்ணன் வேலை. உடனே கொச்சிக்கு அழைத்தேன்.

“அண்ணே, பழைய கேமில ஆட்டோ பெடல் இருந்துதா?”

“இருந்துது” என்றான்.

“உனக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“பின்ன எதுக்கு என்னைய அத்தனை மாசம் உக்கார வச்ச?”

“டிக் போட்டா நீ எந்திரிச்சுப் போயிருவ. மாடியில நான் தனியா அந்தக் காலைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.”

அவனே தொடர்ந்தான்.

“நீ வேலைக்குப் போன அன்னைக்குப் போடத்தான் இருந்தேன். கீபோர்டைத் துடைச்சுத் தாறேன்னு அம்மா காலையிலயே கழத்தி வாங்கிட்டுப் போயிட்டா. நான் மவுஸை வச்சு மெனுவைத் தொறந்து, டிக் பக்கத்துல போயிட்டேன். அப்பம் அம்மா மாடியேறி வாறா, கையில கீபோர்டு. எல்லாக் கட்டையிலயும் பிளாஸ்திரி. இனி காலை வைக்கலாம் மக்ளே, பாவமில்லைன்னா. அதைக் கண்டபெறவு எப்படிட்டி டிக் போட?”

அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அவனைத் திட்டியிருப்பாளா, பேசாமல் பிளாஸ்திரியைக் கத்தரித்துக்கொண்டே இருந்திருப்பாளா என்று கேட்க இப்போது அவள் இல்லை. போனில் அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மிளகாயைச் சாக்குச் சொல்ல அங்கே கொச்சியில் வழியில்லை.

போன மாதம் ஆரியசாலை வழியாக ஆட்டோவில் போனேன். எங்கள் கட்டிடத்தில் இப்போது பிளாஸ்டிக் வாளியும் நாற்காலியும் அடுக்கியிருக்கிறார்கள். மாடி ஜன்னலை அடைத்துவிட்டார்கள். வாசலில் யாரும் தும்மவில்லை. கீபோர்டு எந்தப் பழைய இரும்போடு போயிற்று என்று எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. தாம்பாளம் மட்டும் என்னிடம் இருக்கிறது, அடியில் நான்கு வட்டத் தடங்களோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அண்ணன் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அப்பா டிக் போடாதே என்கிறார், காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார், நீங்கள் சொல்லுங்கள், போடட்டுமா வேண்டாமா? நான் அவளை அழைத்தேன். பின்னால் ஃபேன் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

“வீட்டுல யாரும்மா இருக்கா?”

“நான் மட்டும்தான் அத்தே. ஏன்?”

“ஒண்ணுமில்ல. நீ போட்டுக்கிடு மக்ளே” என்றேன். “போடாம ஓட்டணும்னா, பெடலைப் பிடிச்சுக்கிட அங்க ஆள் வேணும்லா.”